பார்க்கின்சன் நோய்: புதிய ஆய்வுகளும் நம் பி பிளாக் லிஃப்டும்

(நம் கிளப் ஹவுஸில் நடந்த மூத்தோர் சந்திப்பில், பி பிளாக் மூன்றாம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருந்தியல் பேராசிரியை ஆற்றிய உரை. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டதற்குக் காரணம் நம் வாட்ஸ்அப் குழு. அதில் ஒரு செய்தி சுற்றியது. 'ஜப்பான் விஞ்ஞானிகள் சாதனை, பார்க்கின்சன் நோய்க்கு நிரந்தரத் தீர்வு' என்று. அன்று ஒரே நாளில் ஒன்பது பேர் அதை எனக்குத் தனியாகவும் அனுப்பி வைத்தீர்கள். அன்பினால்தான் அனுப்பினீர்கள். என் கணவருக்கு அந்த நோய் இருப்பது இந்த வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்பது பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என்னால் முடியவில்லை. அதனால் இன்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதைவிட முக்கியமானவை சில இருக்கின்றன.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. 2018-ல் ஆரம்பித்தது. மாலை நடைக்குப் போகும்போது இவருடைய வலது கை வீசவில்லை. இடது கை வீசுகிறது, வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான்தான் முதலில் பார்த்தேன். தோள் வலி என்று நினைத்தோம். பிறகு வங்கியில் கையெழுத்து பொருந்தவில்லை என்று காசோலையைத் திருப்பினார்கள். எழுத்து எறும்பு மாதிரி சின்னதாகிக்கொண்டே போயிருந்தது. அதற்கும் சில வருடங்களுக்கு முன்பிருந்தே இவருக்கு டிகாக்‌ஷன் வாசனை தெரியவில்லை. காபியில் சுவையே இல்லை என்று பொடி மாற்றி மாற்றி வாங்கினோம். பாவம், பொடிக்கடைக்காரரிடம் எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன். கை நடுக்கம் கடைசியில்தான் வந்தது.

நரம்பியல் மருத்துவர் பார்த்தார். விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பார்க்கின்சன் என்றார். லெவோடோபா என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்தோம். அந்த அட்டை இரண்டு வருடம் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர், அவரும் டாக்டர்தான், "அந்த மாத்திரை ஐந்து வருடம்தான் வேலை செய்யும், இப்போதே ஆரம்பித்தால் பின்னால் கஷ்டப்படும்போது கையில் ஒன்றும் இருக்காது, முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்" என்றார். அது அவருடைய சொந்தக் கற்பனை இல்லை. அந்தக் காலத்தில் பல மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் தலையாட்டினேன். மருந்தியல் சொல்லிக்கொடுத்தவள் நான். வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

இந்த மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூளையின் அடிப்பகுதியில் கறுப்பாக ஒரு சிறிய பகுதி உண்டு. அங்குள்ள நரம்பு செல்கள் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. நாம் யோசிக்காமல் செய்கிற அசைவுகள், கை வீசி நடப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, படுக்கையில் புரள்வது, இவையெல்லாம் ஒழுங்காக நடக்க டோபமின் வேண்டும். பார்க்கின்சன் நோயில் அந்த செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. டோபமினை மாத்திரையாகக் கொடுத்தால் அது மூளைக்குள் போகாது. லெவோடோபா போகும், உள்ளே போய் டோபமினாக மாறும். வழியிலேயே மாறிவிடாமல் இருக்கத்தான் அதோடு கார்பிடோபா என்ற இன்னொரு மருந்தைச் சேர்க்கிறார்கள்.

இதில் நம் நாட்டுத் தொடர்பும் உண்டு. சர்ப்பகந்தா என்ற மூலிகையிலிருந்து எடுக்கும் ரிசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தால் முயல்கள் அசையாமல் உட்கார்ந்துவிடும். 1957-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன் அந்த முயல்களுக்கு லெவோடோபா கொடுத்தார். அவை எழுந்து நடமாடின. அந்த வழியில் செய்த ஆராய்ச்சிகளுக்காக அவருக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1967-ல் ஜார்ஜ் கோட்சியாஸ் நோயாளிகளுக்கு வாய்வழியாக அளவைக் கூட்டிக் கொடுத்து நல்ல பலன் கண்டார். இத்தனை வருடம் ஆகியும் இதைவிட நன்றாக வேலை செய்யும் மாத்திரை வரவில்லை.

அப்படியானால் அந்த 'ஐந்து வருடக் கணக்கு' எங்கிருந்து வந்தது? மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில வருடங்கள் கழித்து இரண்டு தொல்லைகள் வருவது உண்மை. ஒன்று, ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளை வருவதற்குள் தீர்ந்துபோவது. இன்னொன்று, உடம்பு தானாக நெளிந்து ஆடுவது. மாத்திரைதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாத்திரை சாப்பிட்டதால் வந்ததா, நோய்க்கு வயதானதால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது.

அதைப் பிரித்துக் காட்டியவை இரண்டு ஆய்வுகள். ஒன்று ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் நடந்தது, 2014-ல் வெளிவந்தது. அங்கே பலருக்கு மாத்திரை கிடைப்பதே அரிது. வேண்டுமென்று தள்ளிப்போடவில்லை, வழியில்லாமல் தள்ளிப்போனது. இத்தாலிய மருத்துவர்கள் அங்குள்ள 91 நோயாளிகளைத் தங்கள் நாட்டு நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். நோய் தொடங்கிச் சராசரியாக 4.2 வருடம் கழித்துத்தான் கானாவில் மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். இத்தாலியில் 2.4 வருடத்தில். ஆனால் அந்தத் தொல்லைகள் இரண்டு இடத்திலும் நோய் தொடங்கி ஏறக்குறைய ஒரே காலம் ஆனபோதுதான் வந்தன. தாமதமாக ஆரம்பித்தவர்களுக்குத் தாமதமாக வரவில்லை. நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு அளவு மருந்து என்பவைதான் கணக்கு. மாத்திரையை எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார் என்பது கணக்கில் வரவில்லை.

இரண்டாவது நெதர்லாந்தில் நடந்தது. 445 பேர், எல்லோரும் நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முதல் நாளிலிருந்தே லெவோடோபா, மொத்தம் 80 வாரம். மறு பாதிக்கு முதல் 40 வாரம் மருந்தில்லாத வெறும் மாத்திரை, அதற்குப் பிறகு 40 வாரம் லெவோடோபா. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 80 வார முடிவில் இரண்டு குழுவும் ஒரே நிலையில்தான் இருந்தன. அதாவது சீக்கிரம் ஆரம்பித்ததால் நோய் மெதுவாகவில்லை. கெடவும் இல்லை. உடம்பு நெளிகிற தொல்லையும் முன்னதாக ஆரம்பித்தவர்களுக்கு அதிகமாக வரவில்லை. அவர்களையே 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் நிலைமை மாறவில்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்று: முதல் 40 வாரத்தில் மாத்திரை சாப்பிட்டவர்கள் நன்றாக நடமாடினார்கள், மற்றவர்கள் கஷ்டப்பட்டார்கள்.

இந்த ஆய்வு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 2019 ஜனவரியில் வந்தது. அப்போது எங்கள் வீட்டில் அந்த அட்டை அலமாரியில் இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு நான் இதழ்கள் படிப்பதை விட்டிருந்தேன். 2020-ல்தான் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அந்த இரண்டு வருடத்தில் இவர் கேரம் ஆடுவதை விட்டார், ஸ்கூட்டரை விட்டார், கல்யாண வீடுகளில் சாப்பிடக் கூச்சப்பட்டுப் பந்திக்கே போகாமல் இருந்தார். மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரத்தில் தானாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நான் அடுக்களைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில் மட்டும் இல்லை.

எப்போது ஆரம்பிப்பது, எவ்வளவு என்பது உங்கள் மருத்துவர் முடிவு. வயது குறைந்தவர்களுக்கு வேறு மருந்தில் ஆரம்பிப்பதும் உண்டு. ஆனால் 'பிற்பாடு தேவைப்படுமே' என்று உண்டியலில் காசு சேர்ப்பது போல இந்த மாத்திரையைச் சேமித்து வைக்காதீர்கள். அது சேராது.

இங்கே நான்கைந்து பேர் கையைப் பார்த்துக்கொள்கிறீர்கள். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் இல்லை. டம்ளரைத் தூக்கும்போது, கையெழுத்துப் போடும்போது மட்டும் நடுங்கினால், அதுவும் அப்பாவுக்கோ அத்தைக்கோ அப்படி இருந்திருந்தால், அது வேறு வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பார்க்கின்சனில் பெரும்பாலும் கை மடியில் சும்மா இருக்கும்போது நடுங்கும். நடுக்கமே இல்லாத பார்க்கின்சனும் உண்டு. வாசனை தெரியவில்லை என்பதற்காகவும் பயந்து ஓடாதீர்கள். சளி, கொரோனா, வயது என்று அதற்கு நூறு காரணம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மாத்திரையாலேயே பார்க்கின்சன் மாதிரி வரும். டோபமினைத் தடுக்கிற மருந்துகள் மனநோய்க்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், புரோகுளோர்பெரசின், ஒற்றைத் தலைவலிக்கு ஃபுளூனரிசின், எல்லாவற்றுக்கும் மேலாக நம் ஊரில் 'கேஸ் மாத்திரை' என்ற பெயரில் வருடக்கணக்கில் சாப்பிடுகிறோமே, அதில் சிலவற்றில் சேர்ந்திருக்கும் லெவோசல்பிரைடு. பெயர் லெவோடோபா மாதிரி இருக்கிறது, வேலை நேர் எதிர். பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்ததை மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டிப் பத்து மாதம் வாங்குகிறோம். உடம்பு இறுகி நடை தளர்ந்துவிடுகிறது. வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். இந்த வகையில் பெரும்பாலானவர்களுக்கு அந்த மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும், சில மாதம் பிடிக்கலாம். அதனால் நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். காட்டிக் கேளுங்கள்.

சி பிளாக் மாமா ஒருவர் பூனைக்காலி விதைப் பொடியைப் பற்றி ஒவ்வொரு முறையும் கேட்கிறார். நல்ல கேள்வி. பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபாவேதான். பொலிவியா நாட்டில் மாத்திரை வாங்க முடியாத நோயாளிகளுக்கு உதவுமா என்று 18 பேரிடம் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு வேளை கொடுத்துப் பார்த்ததில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அடுத்து 14 பேரிடம் தினமும் 16 வாரம் கொடுத்துப் பார்க்க முயன்றபோது பாதிப்பேர் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். வயிற்றுத் தொல்லை சிலருக்கு, நடமாட்டம் மோசமானது சிலருக்கு. ஆகவே மூலிகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கரண்டிப் பொடியில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல். மாத்திரையையும் சாப்பிட்டு, சொல்லாமல் பொடியையும் சாப்பிட்டால் மருத்துவர் போடும் கணக்கு எல்லாம் தப்பாகிவிடும்.

இப்போது ஜப்பானுக்கு வருகிறேன். செய்தி பொய் இல்லை. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தானமாகப் பெற்ற செல்களைத் திருப்பிக் குழந்தைப் பருவத்துக்குக் கொண்டுபோய், அவற்றை டோபமின் சுரக்கும் செல்களாக வளர்த்து, நோயாளிகளின் மூளைக்குள் வைத்தார்கள். 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்தது. மொத்தம் 7 பேர். இரண்டு வருடம் பார்த்தார்கள். கட்டி எதுவும் வரவில்லை, வைத்த செல்கள் டோபமின் சுரந்தன. பலனைக் கணக்கிட்ட 6 பேரில் 4 பேருக்கு மருந்து இல்லாத நேரத்து அசைவுகள் மேம்பட்டன. அதே இதழில் அமெரிக்கா, கனடாவில் 12 பேருக்குச் செய்த இதே போன்ற ஆய்வும் வந்தது. ஆபத்து உண்டா என்று பார்ப்பதுதான் இரண்டுக்கும் முதல் நோக்கம். ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க் குழு இல்லை.

எதிர்க் குழு எதற்கு என்று கேட்பீர்கள். இந்த நோயில் நம்பிக்கையே டோபமினைச் சுரக்க வைக்கும், மூளை ஸ்கேனிலேயே அது தெரியும். அமெரிக்காவில் 12 நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள், 2015-ல் வெளிவந்தது. இரண்டு புது ஊசிகள், ஒன்று 100 டாலர், இன்னொன்று 1,500 டாலர் என்று சொல்லிப் போட்டார்கள். இரண்டிலும் இருந்தது வெறும் உப்புத் தண்ணீர். 'விலை அதிகமான' உப்புத் தண்ணீருக்குத்தான் உடம்பு நன்றாக அசைந்தது! அந்த நோயாளிகளை ஏமாளிகள் என்று நினைக்க வேண்டாம். நம் மூளையின் அமைப்பே அப்படி. ஆனால் லட்சக்கணக்கில் பணம் கேட்டு 'ஸ்டெம் செல் ஊசி' போடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒருவர் "எனக்குக் குணமாயிற்று" என்று வீடியோவில் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஊசி வேலை செய்தது என்பதும் நிச்சயமில்லை.

நல்ல ஆய்வாளர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். எக்செனடைடு என்று ஒரு சர்க்கரை நோய் ஊசி. அமெரிக்கப் பாலைவனத்துப் பல்லி ஒன்றின் உமிழ்நீரில் கிடைத்த பொருளிலிருந்து உருவானது. லண்டனில் சுமார் 60 பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்து 2017-ல் நல்ல பலன் என்று வந்தது. 2024-ல் பிரான்சில் 156 பேரிடம் லிக்சிசெனடைடு என்ற அதன் உறவுக்கார மருந்தைச் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்கள் ஒரு வருடத்தில் ஏறக்குறைய அப்படியே இருந்தார்கள், எடுக்காதவர்கள் அளவுகோலில் 3 புள்ளி மோசமானார்கள். மருந்து எடுத்தவர்களில் பாதிப்பேருக்குக் குமட்டல். எல்லோரும் ஆவலாகக் காத்திருந்தோம். 2025-ல் எக்செனடைடைப் பற்றிய பெரிய ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது. 194 பேர், 96 வாரம். ஒரு பலனும் இல்லை. அதைப் படித்த அன்று எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஆனால் அந்த 194 பேர் இரண்டு வருடம் தாங்களே ஊசி போட்டுக்கொண்டதால்தான் மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் வீணாகப் போட்டுக்கொள்ளாமல் தப்பினோம். அவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் நோயை மெதுவாக்குவது எதுவுமே இல்லையா? மெதுவாக்கும் என்று உறுதியாக நிரூபணமான மருந்து இன்று இல்லை. ஆனால் உடற்பயிற்சிக்கு நல்ல சான்று இருக்கிறது, அதுவும் சும்மா கையைக் காலை ஆட்டுவதற்கு இல்லை, மூச்சு வாங்கும் பயிற்சிக்கு. நெதர்லாந்தில் 130 பேரிடம் செய்த ஆய்வு 2019-ல் வந்தது. பாதிப்பேர் வீட்டிலேயே நிலையான சைக்கிளை வாரத்துக்கு மூன்று நாள், 30 முதல் 45 நிமிடம் மிதித்தார்கள். மறு பாதி உடம்பை நீட்டி மடக்கும் லேசான பயிற்சி. ஆறு மாதத்தில் சைக்கிள் குழு 4.2 புள்ளி மேலாக இருந்தது. இப்போதுதான் பிரான்ஸ் மருந்தின் 3 புள்ளியைச் சொன்னேன், ஞாபகம் இருக்கட்டும். அமெரிக்காவில் 128 பேரிடம் டிரெட்மில்லில் இதே போலப் பார்த்தார்கள், வாரத்துக்கு நான்கு நாள் என்று திட்டமிட்டு. இதயத் துடிப்பு அதிகபட்சத்தில் 80 முதல் 85 சதவீதம் போகும் அளவுக்கு வேகமாகச் செய்தவர்கள் ஆறு மாதத்தில் ஏறக்குறைய அப்படியே நின்றார்கள், செய்யாதவர்கள் மோசமானார்கள். மிதமாகச் செய்தவர்களுக்கு அந்த அளவு பலன் தெரியவில்லை.

நம் ஜிம்மில் இரண்டு சைக்கிள் இருக்கிறது. ஒன்றின் மேல் துண்டு காயப் போட்டிருக்கிறார்கள், இன்னொன்றுக்கு பெடல் இல்லை. மெயின்டனன்ஸ் கட்டும்போதெல்லாம் எனக்கு அந்த பெடல் ஞாபகம் வரும். இதயம், முழங்கால் எல்லாம் மருத்துவரிடம் பார்த்துக் கேட்ட பிறகுதான் வேகமாக மிதிக்க வேண்டும். டிரெட்மில்லைவிட சைக்கிள் நல்லது, விழும் பயம் குறைவு.

வீட்டில் பராமரிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். லெவோடோபாவும் பருப்பு, முட்டை, பால், இறைச்சி இவற்றில் உள்ள புரதமும் உள்ளே போக ஒரே வாசலில் முட்டி மோதும். சாம்பாரும் பொங்கலும் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் "இன்று மாத்திரை பிடிக்கவில்லை" என்பார்கள். மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் தண்ணீரோடு கொடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இரண்டாவது, நேரம். இவருக்கு 2022-ல் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. அந்த மருத்துவமனையில் மாத்திரை கொடுக்க அவர்களுக்கென்று ஒரு நேரம். எட்டு மணி மாத்திரை பதினொன்றுக்கு வந்தது. வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு ஏற்றிவிட்டார்கள். மறுநாள் இவரால் கண் இமைக்கக்கூட முடியவில்லை. நர்ஸைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு மாத்திரை, நேரம், கொடுக்கக்கூடாத மருந்துகள் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, லேமினேட் செய்து பையில் வைத்திருக்கிறேன். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வேண்டுமென்கிறவர்களுக்கு என் தாளின் நகல் தருகிறேன், உங்கள் மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, லிஃப்ட். இதற்காகத்தான் நான் பேசவே ஒப்புக்கொண்டேன்.

நன்றாக நடந்து வருகிற பார்க்கின்சன் நோயாளி வாசற்படியில், லிஃப்ட் கதவில், குறுகலான இடத்தில் வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். மனம் போ என்கிறது, கால் போவதில்லை. பின்னால் இருப்பவர் அவசரப்படுத்தினால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். பி பிளாக் லிஃப்ட் கதவு சட்டென்று மூடிக்கொள்கிறது. ஒரு நாள் இவர் உள்ளேயே நின்றுவிட, லிஃப்ட் மேலும் கீழுமாக நான்கு முறை போய் வந்தது. இன்னொரு நாள் கேட்டில் நின்றுவிட்டபோது, அப்போது புதிதாக வந்திருந்த ஒரு செக்யூரிட்டி, குடித்திருக்கிறார் என்று நினைத்து ஒதுங்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் இவர் கீழே இறங்கவில்லை. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, செலவில்லாத வழி. நடக்கிற திசைக்குக் குறுக்கே, ஒரு எட்டு வைக்கும் இடைவெளியில் தரையில் கோடுகள் போட்டால், நின்ற கால் அந்தக் கோட்டைத் தாண்டும். தானாக நடக்கும் வழி மூளையில் அடைபட்டிருக்கிறது, கண்ணால் பார்த்து அடி எடுத்து வைக்கும் வழி திறந்திருக்கிறது. நாங்கள் முதலில் கோலமாவில் வீட்டு வாசலில் மூன்று கோடு போட்டுப் பார்த்தோம். சரியாக வேலை செய்தது. போன மாதம் செயலாளர் அனுமதியோடு மூன்றாம் மாடியிலும் தரைத்தளத்திலும் லிஃப்ட் முன்னால் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம்.

எப்போதாவது அவர் நின்றுவிட்டதைப் பார்த்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். பக்கத்தில் நின்று, "அவசரமில்லை சார்" என்று சொல்லிவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். அல்லது உங்கள் காலை அவர் கால் முன்னால் குறுக்கே வையுங்கள், அதைத் தாண்டிவிடுவார். இப்போதுள்ள நம் செக்யூரிட்டி தம்பிகள் மூன்று பேருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் எண்ணுவது எனக்கு மூன்றாவது மாடி வரை கேட்கிறது.

சங்கத்திடம் நான் கேட்பது மூன்று. எல்லா பிளாக்கிலும் லிஃப்ட் கதவு திறந்திருக்கும் நேரத்தை இன்னும் சில விநாடி கூட்ட, அடுத்த முறை சர்வீஸுக்கு வருபவரிடம் சொல்லுங்கள். ஜிம் சைக்கிளுக்கு ஒரு பெடல் வாங்குங்கள். ஹவுஸ்கீப்பிங் அம்மாக்களிடம், தரை துடைக்கும்போது அந்த மஞ்சள் டேப்பை அழுக்கு என்று நினைத்து உரித்துவிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தரைத்தளத்தில் ஏற்கெனவே ஒன்று போய்விட்டது.